ஒன்பதின் மேல் ஒரு சிறிய எண்

சென்ற மாதம் முலுண்டிலிருந்து ஓர் இளம் கணக்கு ஆசிரியை என்னைப் பார்க்கத் திலக் நகருக்கு வந்திருந்தார். என்னுடைய பழைய பாடக்குறிப்பு நோட்டுகளை யார் மூலமோ வாங்கிப் படித்திருக்கிறார். ஏழாம் வகுப்பு, அடுக்குக்குறிகள் என்ற பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"டீச்சர், இங்க ஓரத்துல 'ஒன்பது வேண்டாம்'னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டிருக்கீங்களே, ஏன்? இரண்டு, மூன்று, அஞ்சு எல்லாத்துக்கும் உதாரணம் இருக்கு. ஒன்பதுல என்ன கஷ்டம்?"

"பெரிய எண். பெருக்கும்போது பிள்ளைகள் திணறும்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அது உண்மையில்லை. அவர் லிப்ட்டில் இறங்கிப் போன பிறகு மனசு கேட்கவில்லை. இனி இதைச் சொல்வதால் கெடுதல் அடையக்கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆகவே எழுதுகிறேன். இதில் வரும் மாணவியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பள்ளி இறுதி முடிந்ததும் கல்யாணம். கல்யாணமானதும் பம்பாய், மாட்டுங்கா. ஓராண்டு ஆசிரியப் பயிற்சி. அறுபதுகளின் நடுவில், தாராவி ஓரத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் ரயில் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால், தோல் பட்டறை நாற்றம் முதலில் வரும். பள்ளிக்கூடம் பிறகு வரும். ஒரு மாதத்தில் அந்த நாற்றம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எங்கள் ஹெட்மாஸ்டர் தேவசகாயம் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம். முழுக்கை வெள்ளைச் சட்டை; எந்த வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருக்கும். வகுப்புக்குள் அவர் முன்வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. பின்பக்கக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் பத்து நிமிடம் நிற்பார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். மாலையில் என் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். "மூன்றாம் படியில் அவசரம்." அல்லது, "கேள்வி கேட்டவளைப் பார்த்துப் பதில் சொல்லவும். பலகையைப் பார்த்து அல்ல."

அவர் விடைத்தாளில் பெருக்கல் குறி போட்டு அடிக்க மாட்டார். தப்பு எந்தப் படியில் தொடங்கியதோ அந்தப் படியின் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார், அவ்வளவுதான். "விடை தானாத் தப்பாகாது, டீச்சர். ஏதோ ஒரு படியில கால் வழுக்கியிருக்கும். அந்தப் படியைக் காட்டினாப் போதும்" என்பார்.

கரும்பலகையை மூன்றாகப் பிரிக்கும் முறையும் அவர் வைத்ததுதான். சுண்ணப்பொடி தோய்த்த நூலை இரண்டு பிள்ளைகள் மேலும் கீழும் பிடிக்க, நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். இடது பாகம் தெரிந்தது. நடுப்பாகம் இன்றைய பாடம். வலது பாகம் பிள்ளைகள் எழுத. இடது பாகத்தை மணி அடிக்கும்வரை அழிக்கக் கூடாது.

அடுக்குக்குறி நடத்தும்போது எனக்கு ஒரு தொல்லை இருந்தது. மூன்றின் அடுக்கு நான்கு என்று எழுதச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே உயரத்தில் எழுதி முப்பத்துநான்கு ஆக்கிவிடுவார்கள். அதனால் நானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மேலே உட்காரும் சின்ன எண்ணுக்குத் 'தோள் எண்' என்று பெயர் வைத்தேன். அதன் அடியில் நெல்மணி நீளத்துக்கு ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். கோடு இருந்தால் அது தோளில் உட்கார்ந்திருக்கிறது, கீழே இறங்காது. எந்தப் புத்தகத்திலும் அந்தக் கோடு கிடையாது. என் வகுப்பில் மட்டும்தான் உண்டு.

அந்த ஆண்டு ஜூலை மாதம், நல்ல மழை. ஒரு தாளை மூன்றாகக் கிழித்தேன். ஒவ்வொன்றையும் மறுபடி மூன்றாக. மூன்று, ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொன்று. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் தாள் துணுக்கு தரையெல்லாம் பறந்தது. வேறு உதாரணம் சொல்லலாம் என்று, யோசிக்காமல் இப்படிச் சொன்னேன்:

"ஒருத்தி ஒன்பது பேர்கிட்ட ஒரு சேதி சொல்றா. அந்த ஒன்பது பேரும் ஆளுக்கு ஒன்பது பேர்கிட்ட சொல்றா. இப்படியே ஏழு தடவை போனா, ஒன்பதின் அடுக்கு ஏழு. நாற்பத்தேழு லட்சத்துக்கு மேல. பம்பாயில ஒரு ஆள் பாக்கி இருக்காது."

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பேச்சியம்மாள். பன்னிரண்டு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் சந்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அத்தனை பேருக்கும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். வகுப்பில் வாய் திறக்காதவள். அன்று எழுந்து நின்றாள்.

"ஒருத்தர் கூடவா பாக்கி இருக்க மாட்டாவ, டீச்சர்?"

"ஒருத்தர் கூட."

"வாசிக்கத் தெரியாதவங்களும்?"

"எல்லாரும்தான்."

"நடுவுல யாராச்சும் சொல்லாம விட்டுட்டா?"

"விட்டா கணக்கு உடைஞ்சுடும். எல்லாரும் தவறாம சொன்னாத்தான் இந்த விடை."

சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மாலையில் மேஜையில் சீட்டு இருந்தது: "நல்ல கேள்விகள். பதில்கள் சுலபமாக வந்துவிட்டன." அதை அப்போது பாராட்டு என்று நினைத்தேன்.

ஆகஸ்டு பாதியில் அந்த அஞ்சலட்டைகள் வரத் தொடங்கின.

முதலில் பியூன் ஷிண்டே என்னிடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அவன் மராத்திக்காரன். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு வந்ததை வாங்கி வந்திருந்தான். "டீச்சர் பாய், யே பீலா டப்பே கா க்யா லஃப்டா ஹை? என் பெண்டாட்டி சமையலறைக்குள்ள போக மாட்டேங்கிறா" என்று, இந்த மஞ்சள் டப்பா என்ன வில்லங்கம் என இந்தியும் தமிழும் கலந்து கேட்டான். வாங்கிப் படித்தேன். ஒரு மாதிரி வேகமாக எழுதப்பட்ட எழுத்து.

"அம்மன் துணை. இதைக் கண்டவர் ஒன்பது நாளில் ஒன்பது பேருக்கு எழுதவும். ஒரு எழுத்தும் விடக் கூடாது. வாசிக்கத் தெரியாதவர்களைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டவும். அடுப்புக்கு மேல் மஞ்சள் டப்பா அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை. எழுதாதவர் வீட்டில் ஒரு ஆள் குறையும்."

அதற்குக் கீழே ஏதோ இருந்தது. மழையில் மை கரைந்து நீலக் கறையாக ஆகிவிட்டிருந்தது.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. எழுதினால் நல்லது நடக்கும், எழுதாவிட்டால் கெட்டது நடக்கும் என்று வரும். ஆனால் அவற்றில் எல்லாம் சாமி, மலை, கனவு என்று ஏதாவது இருக்கும். இதில் நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு டப்பா உட்கார்ந்திருந்தது. அதுவும் ஏதோ நம் வீட்டுக்குள் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிற குரலில். "பைத்தியக்காரத்தனம், கிழிச்சுப் போடு" என்று ஷிண்டேயிடம் சொன்னேன். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு காலை, பாலத்திலிருந்து இறங்கி வரும்போது மழை விட்டு வெளிச்சமாக இருந்தது. சந்தின் இரு பக்கமும் மஞ்சள் நிறம். நின்று பார்த்தேன். அந்தக் காலத்தில் வனஸ்பதி வரும் மஞ்சள் தகர டப்பாக்கள். அரிசி, பருப்பு, புளி என்று எல்லா வீட்டிலும் அதில்தான் போட்டு வைப்பார்கள். அவற்றை எல்லாம் காலி செய்து வாசலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். முப்பது, நாற்பது இருக்கும். வாய் திறந்தபடி வரிசையாக நின்றன. மழைத்தண்ணீர் பாதிவரை நிறைந்திருந்தது. தகரம் பொறுக்குகிறவர்கள் கூட ஒன்றையும் தொடவில்லை. எப்போதும் கூச்சலாக இருக்கும் அந்தச் சந்தில் அன்று யாரும் உரக்கப் பேசவில்லை.

கார்டைக் கிழித்துப் போட்ட ஒரு பெரியவரின் மகன் மில்லுக்குப் போனவன் இரண்டு நாளாகத் திரும்பவில்லை என்று வகுப்பில் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவன் கல்யாணிலிருந்து சாவகாசமாக வந்து சேர்ந்தான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் குறைந்துபோன இரண்டு நாட்களைப் பற்றித்தான் பேசினார்கள். நான் வருகைப் பதிவு எடுக்கும்போது, வராத பிள்ளையின் பெயருக்கு "ஆப்சென்ட்" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வரவில்லை. பெயரைக் கூப்பிடுவேன். பதிலுக்கு மழைச்சத்தம்தான் கேட்கும்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. அரை நாள் பள்ளி. வீட்டுக்கு வந்தால், என் மாமியார் கையில் ஓர் அஞ்சலட்டை. மாட்டுங்காவுக்கே வந்துவிட்டது. என் பெயருக்கு. அனுப்பியவர் பெயர் இல்லை. "ஒரு எழுத்தும் விடக் கூடாது" என்பதால் மாமியார் முழுக்கச் சத்தமாக வாசித்து முடித்திருந்தார்.

"எழுதிடேன், விசாலம். என்ன குறைஞ்சு போயிடப் போறது? அவனும் ஊர்ல இல்லை."

'அவன்' என் கணவர். ஆபீஸ் வேலையாக நாகபுரி போய் எட்டு நாளாகிறது. இரண்டு நாளில் வருவதாகச் சொன்னவர். கடிதமும் இல்லை. நான் கணக்கு ஆசிரியை, இதை எல்லாம் நம்புகிறவள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

இந்தக் கார்டில் கடைசி வரி அழியாமல் இருந்தது. "மூலையில் உள்ள குட்டி எண்ணோடு ஒன்று கூட்டி எழுதவும்." ஒரு கார்டு எழுதினேன். மூலையில் எண்ணையும் போட்டேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து கார்டு ஆனது. ஐந்தாவதைச் செம்பூரில் இருக்கும் என் கணவரின் அத்தை மகள் அலமேலுவுக்கு முகவரி எழுதி வைத்தேன். ஆறாவதில் மூலைக்கு வரும்போதுதான் என் கை நின்றது.

நான் போட்டிருந்தது ஒன்பது. அதன் தோளில் ஒரு சின்ன ஐந்து. ஐந்துக்கு அடியில் நெல்மணி அளவு ஒரு கோடு.

வந்த கார்டைத் திருப்பி எடுத்தேன். ஒன்பது, தோளில் நான்கு, அடியில் கோடு. முன்பின் தெரியாத யாரோ ஒருவர், எதற்கென்று தெரியாமலே, அந்தக் கோட்டையும் விடாமல் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால் இன்னொருவர். அவருக்கு முன்னால் இன்னொருவர். என் கரும்பலகை நடந்து நடந்து என் வீட்டுக்கே வந்துவிட்டது போல இருந்தது. மத்தியான வெளிச்சம், தெருவில் காய்கறி வண்டிக்காரன் குரல், அடுத்த அறையில் மாமியார். இருந்தும் கார்டைக் கவிழ்த்து வைத்தேன்.

எழுதிய ஐந்தையும் அப்போதே கிழித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பாலத்துக்கு முன்னால் இருந்த தபால் பெட்டியில் அவற்றைப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். என் கணவர் மறுநாள் நல்லபடியாக வந்து சேர்ந்தார். வழியில் வெள்ளம், ரயில் நின்றுவிட்டதாம். அந்த ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

வந்த கார்டை ஹெட்மாஸ்டரிடம் காட்டினேன். ஐந்து எழுதியதையும் போட்டதையும் சொல்லவில்லை. அவர் படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கார்டை எடுத்து என் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பள்ளி முகவரிக்கு, அவர் பதவிப் பெயருக்கு வந்தது. "மொட்டைக் கடிதம்னு நெனச்சுப் படிக்காமலே போட்டுட்டேன்" என்றார். மூலையில் ஒன்பது. தோளில் ஒன்று.

இரண்டு நாளில் பிள்ளைகளிடமும் ஷிண்டேயிடமும் கேட்டு ஏழு கார்டுகள் சேர்த்தோம். மூலை தெளிவாக இருந்தவற்றை அவர் தோள் எண் வரிசையில் மேஜையில் பரப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சிவப்புப் பென்சிலை எடுத்தார். நான்கு போட்ட ஒரு கார்டில் 'மஞ்சள் டப்பா' 'மஞ்சள் டப்பி' ஆகியிருந்தது, புள்ளி. மூன்று போட்ட ஒரு கார்டில் 'அப்படியே' விட்டுப்போயிருந்தது, புள்ளி. இரண்டு போட்டதில் 'யாரும்' 'யாறும்' ஆகியிருந்தது, புள்ளி. ஒன்று போட்ட கார்டுக்கு வந்தார். பென்சில் அதன் மேல் வெகுநேரம் நின்றது.

"இதுல தப்பே இல்ல, டீச்சர். இதுதான் முதல் கை."

"நோட்டுகளைக் கொண்டு வரேன், சார். கையெழுத்தை ஒத்துப் பார்த்துடலாம்."

"நோட்டெல்லாம் வேண்டாம். அந்தப் பாடத்து அன்னைக்கு உங்ககிட்ட யாரு கேள்வி கேட்டா?"

"பேச்சியம்மாள்" என்றேன்.

மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டார். கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். பரப்பியிருந்த கார்டுகளைப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை. குனிந்து தோள் எண்களைத்தான் பார்த்தாள்.

"நாலு வந்துட்டா சார்?" என்றாள்.

தேவசகாயம் சார் ஏன் எழுதினாய் என்று கேட்கவில்லை. "மொத ஒம்பது யாருக்குப் போட்டே?" என்றார்.

"எங்க சந்துல கடுதாசி எழுதச் சொல்லுதவங்க வச்சிருக்க பம்பாய் விலாசம் சார். கார்டும் அவங்க வாங்கி எங்கிட்ட வச்சிருந்ததுதான். பெறவு உங்களுக்கு ஒண்ணு."

"இது யாருக்குப் போய்ச் சேரணும்?"

அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

"எங்கம்மைக்கு. போயி ஏழு மாசம் ஆச்சு. எங்க ஐயா அடிச்சாவ. விடியக்காலம் எந்திச்சுப் பாத்தா அவ இல்ல. ஊருக்குப் போயிட்டான்னு ஐயா எல்லாருட்டயும் சொன்னாவ. ஊருக்கு நான்தான சார் கடுதாசி எழுதுதேன்? அங்கன போகல. பம்பாயிலதான் எங்கனயோ இருக்கா. சீப்பு, வளவி, அவ அம்மை போட்டோ எல்லாம் டப்பாவுலயே விட்டுட்டுப் போயிட்டா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாராச்சும் சத்தமா வாசிச்சாத்தான் காதுல விழும்."

"அதுக்கு ஜனங்களைப் பயமுறுத்தணுமா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க? ஒருத்தர் விட்டாலும் கணக்கு உடைஞ்சிரும்னு. பயம் இல்லன்னா விட்டுருவாவளே?"

"ஒனக்குப் பயமா இல்லியா, பிள்ள?" என்றார் ஹெட்மாஸ்டர். "ஒரு ஆள் கொறையும்னு எழுதியிருக்கியே?"

"எங்க வீட்டுல கொறைஞ்சாச்சு, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் காலைக் கூட்டத்தில், இந்தக் கார்டு பொய், யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகத்தான் எங்கள் ஏற்பாடு. அவள் புரிந்துகொண்டு, "ஏழு வரணும் சார். இப்பம்தான் நாலு. நிறுத்திராதீங்க" என்றாள். அழவில்லை. கணக்கில் மீதியைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்றார் அவர். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் போன பிறகு, "நீங்க நினைக்கிறது சரிதான், டீச்சர். நான் தப்பு பண்ணுதேன்" என்றார்.

அது புதன்கிழமை. வியாழனன்று பேச்சியம்மாள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனியும் இல்லை. ஷிண்டேயை அனுப்பினோம், கதவு சாத்தியிருக்கிறது, தட்டினால் திறக்கவில்லை என்று வந்தான். வருகைப் பதிவில் அவள் பெயருக்கு வரும்போது எனக்கே கூப்பிட முடியவில்லை. நாங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து இந்தப் பிள்ளையும் எங்கேயாவது கிளம்பிவிட்டதா? ஒரு ஆள் குறையும் என்ற அந்த வரி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதை எழுதியது ஒரு குழந்தை என்று தெரிந்த பிறகும் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூரிலிருந்து அலமேலு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே சண்டை.

"ஏன்டி, உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நல்ல கார்டு போட்டே போ! என் வேலைக்காரி போயிட்டா."

"என்ன ஆச்சு?"

"புதன்கிழமை மத்தியானம் தபால் வந்தது. அவ முற்றத்துல பாத்திரம் தேய்ச்சுண்டிருந்தா. வாசிக்கத் தெரியாதவாளைக் கூப்பிட்டு வாசிக்கணும்னு போட்டிருக்கே, சரின்னு உரக்கப் படிச்சேன். டப்பான்னு வந்துதோ இல்லையோ, கையில இருந்த சொம்பு கீழ விழுந்தது. 'அம்மா, இன்னொரு தடவை படிங்க'ங்கிறா. படிச்சேன். 'யாரு போட்டது'ங்கிறா. பேர் இல்லைன்னேன். மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிடுத்து. ஈரக் கையோட வாசல்ல இறங்கினவதான். நாலு நாளா ஆளைக் காணோம். எழுதினவாளுக்கு இல்லை, வாங்கினவாளுக்குத்தான் ஆள் குறையறது!"

"அவ பேர் என்ன?"

"பேச்சி. அப்படித்தான் சொன்னா."

மகள் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டு இத்தனை மாதம் அங்கே இருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஹெட்மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதிய ஐந்தையும். அவர் குடையை எடுத்துக்கொண்டார். வகுப்பைப் பக்கத்து ஆசிரியையிடம் விட்டுவிட்டு இருவரும் சந்துக்குள் நடந்தோம். டப்பாக்கள் இன்னும் வாசல்களில் நின்றுகொண்டிருந்தன.

அந்த வீட்டு வாசலில் ஒருவர் வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாளின் அப்பா. தோல் பட்டறையில் வேலை. எங்களைக் கண்டதும் எழுந்து, "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க, சார். உள்ள அவ இருக்கா" என்று கிசுகிசுத்தார். மனைவியைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

உள்ளே ஒரே அறை. அடுப்புக்கு மேல் பலகையில் மஞ்சள் டப்பா. அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, முன்னால் ஒரு சிட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு நேர் எதிரில், முக்காடு போட்ட ஒரு பெண் கை கூப்பி உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓரத்தில் பேச்சியம்மாள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

"புதங்கெழமை சாயந்தரம் வந்தா, சார்" என்றார் அப்பா. "வந்தவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நேரா டப்பாவத் தொட்டுக் கும்பிட்டுட்டு உக்காந்துட்டா."

அந்தப் பெண் திரும்பினாள். அவள் கண்ணில் இருந்தது சந்தோஷம் இல்லை.

"சாமி பாத்துட்டு சார்" என்றாள். "செம்பூர்ல, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஐயர் வீட்டம்மா எங்க வீட்டு அடுப்பச் சொல்லுதா. டப்பாவச் சொல்லுதா. யாரும் தொடலன்னு சொல்லுதா. நான் எங்கன போயி ஒளிஞ்சாலும் விடாது சார். நான் இனி இந்த வாசல் தாண்ட மாட்டேன்."

"நானும் கை ஓங்க மாட்டேன்" என்றார் அப்பா வாசலில் நின்றபடி. "அது மேல சத்தியம் பண்ணியிருக்கேன், சார்."

தேவசகாயம் சார் டப்பாவைப் பார்த்தார், அந்தத் தாயைப் பார்த்தார். அவர் வாய் திறந்ததை நான் கண்டேன். அவர் நம்பும் கடவுள் வேறு. பொய்யைப் பொய் என்று சொல்லாமல் ஒரு நாளும் விட்டவர் இல்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பேச்சியம்மாள் அசையாமல் இருந்தாள்.

"பிள்ளையை நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார்.

சந்து முனையில் பின்னால் ஓடி வந்தாள் அவள். "சார், சொல்லிராதீங்க. நான்தான் எழுதுனேன்னு தெரிஞ்சா எங்கம்மை போயிருவா. ஐயாவும் பழையபடி ஆயிருவாவ." மூச்சு வாங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, "செம்பூருக்குப் போனது எத்தனாவது, டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஐந்து" என்றேன்.

"ஏழு வரைக்கும் வேண்டாமே, அப்பம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள். உள்ளே இருந்த தாய் பயத்தால் வந்தவள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வந்துவிட்டாள் என்பது போதுமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் இரண்டே வாக்கியம் பேசினார். "அந்தக் கார்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டு. இனிமே யாரும் எழுத வேண்டாம்." இரண்டிலும் பொய் இல்லை. பிள்ளைகள் ஒரே குரலாக மூச்சு விட்டதைக் கேட்டேன். தீபாவளிக்குள் டப்பாக்கள் வீடுகளுக்குள் திரும்பிவிட்டன. அவரும் நானும் அதைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டு கழித்து அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை பேசவில்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து அடுத்த அடுக்குக்குறிப் பாடம் வந்தது. எந்த எண்ணுக்கும் அடுக்கு பூஜ்ஜியம் என்றால் விடை ஒன்று. பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். வகுத்து வகுத்துக் காட்ட வேண்டும். அன்று மூன்றையும் ஐந்தையும் வைத்து மட்டும் காட்டினேன். பேச்சியம்மாள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் அவள் ஒரு கண் வீங்கியிருக்கப் பள்ளிக்கு வந்தாள். கேட்டதற்கு, குழாயடியில் விழுந்துவிட்டேன் என்றாள். அன்று திருத்த வாங்கிய நோட்டுகளில் அவளுடையதைத் திறந்தபோது, நடுப்பக்கத்தில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. மறந்து வைத்துவிட்டாளா, நான் பார்க்கட்டும் என்று வைத்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முகவரி அவள் வீட்டு முகவரிதான். அம்மன் துணை என்று தொடங்கி, சத்தியத்தை மீறிக் கை ஓங்கியவனுக்கு என்ன நேரும் என்று நான்கு வரி. ஒன்பது பேருக்கு எழுதச் சொல்லவில்லை. மூலையில் ஒன்பது. அதன் தோளில் ஒரு பூஜ்ஜியம், அடியில் கோடு. ஒரே ஒரு கார்டு, ஒரே ஒரு வீட்டுக்கு.

ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. அதை ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோகலாம். கிழிக்கலாம். அவளைக் கூப்பிட்டுப் பேசலாம். அந்த வீங்கிய கண் என் முன்னால் நின்றது. கார்டை மறுபடி படித்தேன். மூன்றாவது வரியில் 'கையைக் குறைப்பேன்' என்பதில் 'க்' விட்டுப்போயிருந்தது. நீலப் பேனாவால் அதைச் சேர்த்தேன். மை காயும்வரை காத்திருந்து, கார்டை அதே பக்கத்தில் வைத்து, மற்ற நோட்டுகளோடு அவள் நோட்டையும் திருப்பிக் கொடுத்தேன்.